பிளாஸ்மாவுக்குள் போய்வந்த நிழல்

நெருஞ்சிமேட்டில் எல்லாம் உண்டு, நிழல்தான் கிடையாது. சிவகாசியிலிருந்து தெற்கே போகிற பஸ் அந்த ஊர் முக்கில் திரும்பும்போதே கண்டக்டர் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்வார், இறங்குகிறவர்கள் படியில் கால் வைக்கும் முன்பே கண்ணைச் சுருக்கிக்கொள்வார்கள். வேப்பங்கன்று நட்டால் ஆடு கடிக்கும், ஆடு விட்டதைக் கரையான் அரிக்கும், கரையான் விட்டதை வெயில் தின்று ஏப்பம் விடும். தானாக முளைத்த சீமைக்கருவேலத்தின் அடியில் படுத்து எழுந்தவன் முகம், சல்லடையைக் கவிழ்த்துக்கொண்டு தூங்கியவன் முகம் மாதிரி பொட்டுப் பொட்டாகக் கன்றிப்போயிருக்கும். ஊரைக் காக்கிற தெய்வத்துக்கே கூரை கிடையாது. வெயிலுகந்தாள் என்று பேர் அவளுக்கு. முன்னொரு காலத்தில் வடக்கேயிருந்து வந்த பக்தர் ஒருத்தர் ஓட்டுக்கூரை போட்டுக் கொடுத்தாராம். மறுநாள் விடிந்து பார்த்தால் ஓடெல்லாம் ஒன்றுகூட உடையாமல் கண்மாய்க் கரையில் அடுக்கியிருந்ததாம், அவள் கையால்தான் அடுக்கினாள் என்பதற்கு அடையாளமாகத் தொட முடியாத சூட்டில் இருந்ததாம்.

அந்த ஊரில் சடையாண்டி என்று ஒரு ஆள். ஊருக்கு வெளியே ஜெயசுந்தரம் அண்ணாச்சி வைத்திருந்த கவர் அச்சடிக்கிற கம்பெனியில் பிளாஸ்மா மிசினைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. பிளாஸ்டிக் என்பது பிடிவாதமான சாமான். மையைப் பூசினால் சேம்பு இலையில் விழுந்த தண்ணீர் மாதிரி முத்து முத்தாகத் திரண்டு நிற்குமே தவிர ஒட்டாது. அதனால் அச்சுக்குப் போகிற ரோலை முதலில் பிளாஸ்மாவுக்குக் கீழே ஓடவிடுவார்கள். இரண்டு உருளைகளுக்கு நடுவே, பிள்ளைகள் ரிப்பன் அகலத்துக்கு ஊதா நிறத்தில் ஒரு வெளிச்சம் சீறிக்கொண்டிருக்கும், மழைக்கு முன்னால் மின்னல் வெட்டினால் வருமே, அந்த வாசம் வரும். அதற்குக் கீழே போய் வந்த பிளாஸ்டிக் பார்க்கப் பழைய மாதிரியேதான் இருக்கும், ஆனால் மனசு மாறியிருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் திரளாமல் பரவி உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் எந்த மையைப் பூசினாலும் வாங்கிக்கொள்ளும். இதற்கு ட்ரீட்மெண்ட் என்று பேர்.

இதில் இரண்டு விஷயம் உண்டு. மிசினில் கை வைத்த எல்லாருக்கும் அது தெரியும். மாறின மனசு நாளாக ஆக இறங்கிவிடும், பழைய பிடிவாதம் வந்துவிடும், அதனால் சூட்டோடு சூடாக அச்சடித்துவிட வேண்டும். இது ஒன்று. அளவுக்கு மீறி ஓட்டினால் பிளாஸ்டிக் மையோடு ஒட்டாது, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். சுற்றின ரோல் கட்டையாகிப்போகும், எந்தக் கத்தியாலும் பிரிக்க முடியாது. இது இன்னொன்று.

சடையாண்டியின் பெண்சாதி குருவம்மா பட்டாசு ஆலையில் காயப்போடுகிற மேடையில் வேலை பார்த்தாள். மருந்து அடைத்த சரக்கைத் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து சிமெண்டு மேடையில் பரப்பி, புரட்டி, மறுபடி புரட்டி, பொழுது சாய்ந்த பிறகு அள்ளிக் கொடுக்க வேண்டும். காலையில் ஏறும் வெயில் அவள் உச்சந்தலையில் ஏறி மாலையில்தான் இறங்கும். போன சித்திரையில் சரக்கோடு சரக்காக மேடையிலேயே சுருண்டு விழுந்தாள். பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா, இன்னொரு தடவை இப்படி விழுந்தால் எழுப்ப முடியாது என்று சடையாண்டியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். உள்ளே அறையில் உட்கார்ந்து திரி போடுகிற வேலைக்குப் போகலாம்தான், ஆனால் மருந்துத் தூசி பட்டால் குருவம்மாவுக்கு இழுப்பு வந்துவிடும். உள்ளே போனால் மூச்சு நிற்கும், வெளியே நின்றால் தலை சுற்றும், வீட்டில் இருந்தால் உலை கொதிக்காது. சடையாண்டி இதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அது ரோல் மாதிரி ஒரே வட்டமாகத்தான் வந்தது.

இப்படி இருக்கும்போது, வைகாசி மாதம் ஒரு காலை நேரம், கரண்ட் போயிருந்த சமயம் பார்த்து சடையாண்டி உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தான். கிழக்கு ஷட்டர் திறந்திருந்தது. வெயில் சாய்வாக உள்ளே வந்து அவன் நிழலை நீளமாக இழுத்து மிசின் மேல் போட்டிருந்தது. அவன் கையை எடுத்தான், கரண்ட் வந்தது. உருளை சுற்றியது, ஊதா வெளிச்சம் சீறியது, தலைப்பக்கமாக அவன் நிழலைக் கவ்வி உள்ளே இழுத்துக்கொண்டது. கறுப்பு பிளாஸ்டிக் போகிற மாதிரி சத்தமில்லாமல் தலை போனது, கழுத்து போனது, தோள், வயிறு, வேட்டி மடிப்பு எல்லாம் போய் அந்தப் பக்கமாக இறங்கி, மிசினைச் சுற்றிக்கொண்டு வந்து அவன் காலடியில் மறுபடி சேர்ந்தது. உள்ளங்காலில் கொஞ்சம் சூடு தெரிந்தது, அவ்வளவுதான். பழக்கதோஷத்தில் சடையாண்டி நிழல் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தான். பரவி உட்கார்ந்தது. சரி, ட்ரீட்மெண்ட் ஆகியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த ரோலை மாட்டினான்.

சாயங்காலம் பவுன்ராஜின் டீக்கடை முன்னால் நின்று டீ குடித்துவிட்டுக் கிளம்பினான். அவன் போய்விட்டான், நிழல் போகவில்லை. பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையோடு தரையாக, கையில் டம்ளரோடு, நீளமாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. அவன் காலடியில் வழக்கம்போல வேறொரு நிழல் இருந்தது. ஸ்டிக்கர் ரோலில் ஒன்றை உரித்தால் அடுத்தது வந்து நிற்குமே, அந்த மாதிரி. மறுநாள் சூரியன் ஏறியது, உச்சிக்கு வந்தது, சாய்ந்தது, டீக்கடை நிழல் இருந்த இடத்திலேயே இருந்தது. முதலில் கண்டுபிடித்தது ஒரு வெள்ளாடு. அது வந்து நிழலின் வயிற்றில் படுத்து அசைபோட ஆரம்பித்தது. பவுன்ராஜ் ஆட்டை விரட்டிவிட்டுத் தான் உட்கார்ந்து பார்த்தான், கிணற்றுக்குள் இறங்கின மாதிரி குளுகுளுவென்று இருந்தது. உடனே பெஞ்சைத் தூக்கி நிழல் மேல் போட்டான். அன்றைக்கு மத்தியானம் அவன் கடையில் பால் தீர்ந்துபோனது.

இப்படி எப்படி நடக்கும் என்று நெருஞ்சிமேட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை. இத்தனை நாள் ஏன் நடக்கவில்லை என்றுதான் கேட்டார்கள். அண்ணாச்சியின் மிசின் வந்து எவ்வளவு காலம் ஆகிறது, இவ்வளவு நாளும் இவன் நிழலை வீணாகத் தன் கூடவே கூட்டிக்கொண்டு அலைந்திருக்கிறானே என்று சில பேருக்குக் கோபம்கூட வந்தது. பஞ்சாயத்துத் தலைவர் நல்லமுத்து வெள்ளை வேட்டியோடு வீட்டுக்கே வந்து, பஸ் நிற்கிற இடத்தில் ஒன்று, ரேசன் கடை வரிசைக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சோறு தின்கிற இடத்தில் ஒன்று, ஊர்க் காரியம், தட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு, வந்ததுதான் வந்தோம் என்று தன் வீட்டுக் களத்துக்கும் ஒன்று கேட்டார். கொல்லையில் எருமை கட்டியிருந்தவர்கள் கேட்டார்கள். குழாயடியில் குடம் வரிசை போட்டிருந்த பெண்கள், வெயிலில் நின்று குடத்துத் தண்ணீர் கொதிக்கிறதென்று கேட்டார்கள். எல்லாரும் ஏதோ ஒரு வகையில் மாமன், மச்சான், சித்தப்பன். யாரிடம் போய் மாட்டேன் என்று சொல்ல.

எந்த நேரத்தில் நிற்கிறானோ அந்த நேரத்து நிழல்தான் ஒட்டும் என்பதை ஊர் சீக்கிரமே படித்துக்கொண்டது. உச்சியில் நின்றால் தாம்பாளம் அளவுக்குத்தான் கிடைக்கும், அதில் ஒரு கோழி படுக்கலாம். காலையிலோ சாயங்காலமோ நின்றால் ஒரு குடும்பமே படுக்கிற நீளம் கிடைக்கும். ஆகவே சடையாண்டி வேலைக்குப் போகிற வழியெல்லாம் ஆள் நின்றார்கள், வேலை விட்டு வருகிற வழியெல்லாம் ஆள் நின்றார்கள். மோர்ப்பானை வைக்கத் தோதாக ஒரு கையை நீட்டி நில் என்றார்கள், தொட்டில் கட்ட வேண்டும் காலை அகட்டி நில் என்றார்கள், மூன்று பெண்ணைப் பெற்ற ஒருத்தர் கல்யாணப் பந்தலுக்கு ஆகும் என்று குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார். அவன் நின்றான். ஒரு டீ குடிக்கிற நேரம் அசையாமல் நின்றால் போதும், காலைத் தூக்கும்போது உள்ளங்காலில் ஒரு பிசுக்கு உரிவது தெரியும், அடுத்தது வந்துவிடும்.

ஊர் அந்த நிழல்களுக்குள் குடியேறிவிட்டது. தோளில் உட்கார்கிறவர்கள் தோளிலும், முழங்காலில் உட்கார்கிறவர்கள் முழங்காலிலும் இடம் பிடித்தார்கள். ரேசன் கடையில் வரிசை கழுத்தில் ஆரம்பித்துக் கணுக்காலில் முடிந்தது. சீட்டாடுகிறவர்கள், என் காதில் உன் துண்டு கிடக்கிறது, எடு என்று சண்டை போட்டார்கள். பெண்கள் மட்டும் கொஞ்ச நாள் மடிப் பக்கம் உட்காரக் கூச்சப்பட்டுக்கொண்டு தலைப்பக்கமே நெருக்கியடித்தார்கள். கடைசியில் அவர்களில் வாய் நீண்டவள் ஒருத்தி குருவம்மாவிடமே போய், நாங்கள் உன் புருசன் மடியில் உட்கார்ந்தால் உனக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டாள். அவளுக்குக் குருவம்மா சொன்ன பதில் ரொம்ப நாள் ஊரில் ஓடியது.

“நல்லா சம்மணம் போட்டு உக்காருங்க. எனக்கு ஒரு நாளும் அந்த மடி ஆறுதல் தந்ததில்ல, உங்களுக்காவது தரட்டும்.”

எல்லாரும் சிரித்தார்கள், சடையாண்டியும் சிரித்தான். வீட்டுக்குப் போகிற வழியில் தன் நிழல் கிடக்கிற இடங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போனான். ஊரில் அவன் நிழல் விழாத இடம் இரண்டுதான். ஒன்று, வெயிலுகந்தாள் சந்நிதி. இன்னொன்று, பட்டாசு ஆலை மேடை.

மேடைக்கு அவன் கேட்காமல் இல்லை. ஒரு காலையில் ஆலை கேட்டுக்கு வெளியே நின்று போர்மேன் தவசியைக் கூப்பிட்டு, ஒரு ஓரமாக, சரக்கு பரப்பாத மூலையில், ஒரே ஒரு நிழல் விட்டுப் போகிறேன், தலை சுற்றினால் அதில் அவள் ஒதுங்கிக்கொள்வாள் என்று கெஞ்சினான். தவசி குருவம்மாவுக்குத் தம்பி முறை, கெட்டவன் இல்லை. மேடையில் சரக்கு பரப்பாத மூலையே கிடையாது என்பதைக் கையை நீட்டிக் காட்டினான். தீபாவளி சரக்கு, தட்டுக்கு மேல் தட்டாக வந்துகொண்டிருந்தது.

“நிழலு பட்டா சரக்கு நமுத்துரும், மாமா. நமுத்த வெடி, வச்சவன் கையில என்ன செய்யும்னு உனக்குத் தெரியாததா?” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, “அக்காவ நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றான்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தான், அது உண்மை. பார்ப்பதைத் தவிர அவனாலும் ஒன்றும் ஆகாது. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் குருவம்மா குனிந்து சரக்கைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நிமிரும்போது இடுப்பில் கையை ஊன்றி, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். சடையாண்டி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கிளம்பும்போது வேலிக்கு வெளியே ஒரு நிழல் ஒட்டிக்கொண்டது. அதில் யாரும் உட்காரவில்லை.

வீட்டுச் சுவரில் விழுகிற அவன் நிழல் வெளுத்துக்கொண்டு வருவதை முதலில் பார்த்தவள் குருவம்மாதான். ஒரே தூளில் திரும்பத் திரும்பப் போட்ட டீ மாதிரி அது நிறம் இறங்கியிருந்தது, அதன் வழியாகச் சுவரில் ஊர்கிற எறும்பு தெரிந்தது. எந்த ரோலுக்கும் ஒரு முடிவு உண்டு என்பது சடையாண்டிக்குத் தெரியும்தான், ஆனால் தன் ரோல் எவ்வளவு நீளம் என்று எவனுக்குத் தெரியும். அன்று ராத்திரி அவனுக்கு ஒரு யோசனை வந்தது. மேடையில் நிழல் விழக் கூடாது, சரி. குருவம்மா தலையில் விழக் கூடாது என்று எவனும் சொல்லவில்லையே. ஆலைக்குள் நைலான், பாலியெஸ்டர் எதுவும் கட்டக் கூடாது, பருத்திதான் கட்ட வேண்டும். அவள் தலைக்குக் கட்டுகிற துண்டும் பருத்தி. பருத்தி எதையும் வாங்கிக்கொள்கிற சாமான்.

விடிந்ததும் அவளை முற்றத்தில் நிறுத்தி, தான் கிழக்குப் பக்கமாக நின்று, தலை நிழல் சரியாக அவள் தலைத்துண்டின் மேல் விழுகிற மாதிரி முன்னேயும் பின்னேயும் நகர்ந்து சரிபார்த்தான். கையில் தூக்குவாளியோடு அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

“என்னய்யா, போட்டோ புடிக்கிற மாதிரி நிக்க வைக்கிற. வேலைக்கு நேரமாச்சு.”

“அசையாத. கொஞ்ச நேரம்.”

நிழல் ஒட்டியது. அவள் தெருவில் நடந்தபோது தலையில் ஒரு மெல்லிய இருட்டைச் சுமந்துகொண்டுதான் போனாள். சடையாண்டி வாசலில் நின்று பார்த்தான். கண்மாய்க் கரை வரைக்கும் அது நின்றது. கரை ஏறும்போது, சாயம் போகிற சேலையிலிருந்து தண்ணீர் வடிகிற மாதிரி அவள் முதுகு வழியாக வழிந்து இறங்கித் தரையில் விழுந்தது. பின்னால் வந்த ஆட்டுக்கிடை அதன் மேல் நடந்து போனது. குருவம்மாவுக்கு அது தெரியும்; வெயில் உச்சியில் கை வைத்தவுடனே தெரிந்துவிட்டது. ஆனால் அவன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதால், திரும்பிப் பார்க்காமல், தலையில் இன்னும் நிழல் இருக்கிறவள் மாதிரியே நிமிர்ந்து நடந்து போனாள்.

அவனும் பார்த்துவிட்டான்.

அன்றைக்குத்தான் அவன் அந்தத் தப்பைச் செய்தான். பிடிவாதமான ரோல் வந்தால் மிசின்காரன் செய்கிற தப்புதான் அது, இன்னொரு தடவை ஓட்டுவது. இந்தத் தடவை ஒட்டினால் அவள் தலையை விட்டு இறங்கவே கூடாது என்ற நினைப்பைத் தவிர வேறெதுவும் அவன் மனசில் இல்லை. எல்லாரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து மிசினை முழுப் பவரில் வைத்தான். அது மத்தியானம், சாப்பாட்டு நேரம் வேறு எப்போது வரும். கூரையில் வெளிச்சத்துக்குப் போட்டிருந்த கண்ணாடித் தகடு வழியாக உச்சி வெயில் நேராக இறங்கி, அவன் நிழலைச் சுற்றிச் சுருட்டிக் காலடியில் போட்டிருந்தது. அவன் மிசின் மேலேயே ஏறி நின்றான். ஒரு தடவை ஓட்டினான். கால் சுட்டது. திருப்தி இல்லாமல் இன்னொரு தடவை ஓட்டினான்.

இறங்கி வெளியே வந்து, நிழல் நீளட்டும் என்று சுவரோரமாக உட்கார்ந்து காத்திருந்தான். சூரியன் சாய்ந்தது. சுவரின் நிழல் நீண்டது, குப்பையில் கிடந்த அட்டைப்பெட்டியின் நிழல் நீண்டது, வேலி ஓரத்தில் மேய்ந்த கழுதையின் நிழல் அரை மைலுக்கு நீண்டது. அவனுடையது நீளவில்லை. காலடியில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு, தார் மாதிரி கெட்டியாக, தன்னோடு தானே ஒட்டிக்கொண்டு கிடந்தது.

அண்ணாச்சி காரை விட்டு இறங்கி வந்து குனிந்து பார்த்தார்.

“எத்தன தடவ ஓட்டுன?”

“ரெண்டு, அண்ணாச்சி.”

“பவரு?”

“முழுசு.”

அண்ணாச்சி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரோல் கட்டையாகிப்போனால் அவர் கத்துவார், அன்றைக்குக் கத்தவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “இப்பிடிப் பண்ணிட்டியே சடையாண்டி” என்று மட்டும் சொன்னார்.

இருந்தாலும் முயற்சி பண்ணாமல் விடவில்லை. ரோல் வெட்டுகிற கத்தியின் நுனியை விட்டு நெம்பிப் பார்த்தார்கள், நாலு பேர் விளிம்பைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள், முகப்பவுடரைத் தூவிப் பார்த்தார்கள், ஐஸ் வைத்துப் பார்த்தார்கள். இழுத்த நாலு பேரும் மல்லாந்து விழுந்ததுதான் மிச்சம். சடையாண்டிக்கு வலிக்கவில்லை. வலித்திருந்தாலாவது எதையோ செய்கிறார்கள் என்று இருந்திருக்கும். இனி அவனுக்குக் காலையிலும் உச்சி, மாலையிலும் உச்சி. ஊரெல்லாம் நீளமாகப் படுத்திருந்த ஆளுக்குச் சொந்தத்தில் ஒரு கோழி படுக்கிற இடம்தான் மிஞ்சியது.

ஊர் இதற்கும் ஆச்சரியப்படவில்லை. இருக்கிற நிழல் இருக்கட்டும், புதுசு கிடைக்காது, அவ்வளவுதானே என்றார்கள். ஆடி பிறந்தது. ஆடியோடு காற்றும் வந்தது.

ட்ரீட்மெண்ட் இறங்குகிற நேரமும் அதுவாக இருந்தது. முதலில் குழாயடி நிழலின் விளிம்பு, பழைய ஸ்டிக்கர் மாதிரி மெல்லச் சுருண்டது. பெண்கள் அதன் மேல் குடத்தை ஏற்றி வைத்தார்கள். பஸ் நிற்கிற இடத்து நிழல் தலைப்பக்கமாக எழும்பிப் படபடவென்று அடித்தது, ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து அமுக்கினார்கள், பஸ் வந்ததும் எல்லாரும் எழுந்தார்கள், அது போய்விட்டது. நல்லமுத்து தன் களத்து நிழலை நாலு மூலையிலும் ஆணி அடித்தார். ஆணி நின்றது, நிழல் கிழிந்துகொண்டு பறந்தது. பவுன்ராஜ் வெடிக்குழல் சுற்றுகிற மைதாப் பசையைக் காய்ச்சிக் கொண்டுவந்து ஒட்டினான், ராத்திரியோடு ராத்திரியாக எலி வந்து பசையோடு சேர்த்து நிழலின் ஒரு கையைத் தின்றுவிட்டது. கொஞ்ச நாள் ஊர் முழுக்க வேலியில், கரண்டு கம்பியில், முள்ளில் சடையாண்டிகள் சிக்கிக்கொண்டு ஆடினார்கள். ஒருத்தன் டம்ளரோடு ஆடினான், ஒருத்தன் குடையோடு ஆடினான். கீழே இருந்து சடையாண்டி ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு வேலைக்குப் போனான்.

நிழல் போன பிறகு வெயில் முன்னைவிட அதிகமாகத் தெரிந்தது. முன்பு வெயிலைத் திட்டினவர்கள் இப்போது சடையாண்டியைத் திட்டினார்கள். பொறுப்பில்லாமல் ஒட்டியிருக்கிறான் என்றார்கள். அவன் நடந்து போனால், போகிறார் பார் உச்சிப்பொழுது என்று சிரித்தார்கள். மூன்று பெண்ணைப் பெற்றவர், கல்யாண நேரத்தில் இப்படிக் கழுத்தறுத்துவிட்டானே என்று பஞ்சாயத்தில் பிராது வைத்தார். சடையாண்டி போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனிடம் என்ன கேட்பதென்று பஞ்சாயத்தாருக்குத் தெரியவில்லை, எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

கடைசியாகக் கழன்றது டீக்கடை நிழல், முதலில் ஒட்டினது. புரட்டாசி வெயில் கொளுத்திய ஒரு நாள் அது பெஞ்சுக்கடியிலிருந்து நழுவி, ரோட்டைத் தாண்டி, கரிசல் காட்டின் மேல் மிதந்து பட்டாசு ஆலைப் பக்கம் போனதைப் பவுன்ராஜ் பார்த்தான். அது வேலியைத் தாண்டியது. மேடைக்கு மேலே வந்தபோது குருவம்மா குனிந்து சரக்கைப் புரட்டிக்கொண்டிருந்தாள்; காலையிலிருந்தே அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, இந்த இருட்டும் அந்த இருட்டுதான் என்று முதலில் நினைத்தாளாம். பிடரியில் குளுமை பட்டபோது நிமிர்ந்து பார்த்தாள். டம்ளர் பிடித்த கை, ஒரு பக்கமாகச் சாய்ந்த தோள். தெரியாதா அவளுக்கு. அது நிற்கும் என்று முகத்தை ஏந்திக்கொண்டு நின்றாள். தவசி பார்த்தான். சரக்கு மேல் நிழல் படுகிறது, கத்த வேண்டும், ஆனால் அவன் வாயைத் திறக்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். கத்தியிருந்தாலும் ஒன்றுதான். காற்று இழுத்துக்கொண்டு போனது. நிழல் அவள் முகத்தின் மேல் ஊர்ந்து, மேடையைக் கடந்து, வெயிலுகந்தாள் சந்நிதிக்கு மேலே போனதும் சூட்டுக்கல்லில் விழுந்த தண்ணீர் மாதிரி இல்லாமல் போய்விட்டது. குருவம்மா மறுபடி குனிந்தாள்.

அன்று வேலை விட்டதும் சடையாண்டி ஆலை கேட்டு வாசலில் வந்து நின்றான். தினமும் வந்து நிற்பதுதான் இப்போது அவனால் ஆனது. அவள் தன் காலால் நடந்து வெளியே வருகிறாளா என்று பார்ப்பான், வந்தால் மூச்சு விடுவான். அன்றைக்கும் வந்தாள்.

“மத்தியானம் வந்திருந்தியே” என்றாள்.

“யாரு, நானா?”

“வந்த. நிக்காமப் போயிட்ட.”

ஊருக்குப் போகிற ரோடு தெற்கே நீண்டு கிடந்தது, வலது பக்கம் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தான், இறங்குகிற வெயிலுக்கும் சூடு குறைவில்லை. எப்போதும் அவன் முன்னால் போவான், அவள் பின்னால் வருவாள். அன்றைக்கு அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துத் தன் இடது பக்கம் விட்டுக்கொண்டாள். “இப்பிடி வா” என்றாள். அவள் நிழல் கிழக்கே நீளமாக விழுந்து அவனை மூடியது. டீக்கடைப் பக்கம் வந்தபோது, என்ன மச்சான், பொண்டாட்டி நிழல்ல ஒதுங்கியாச்சா என்று யாரோ கேட்டார்கள். ஊருக்கெல்லாம் கொடுத்தவன் ஒரு சாயங்காலம் ஒதுங்கினால் யாருக்கு என்ன கொறைஞ்சு போச்சு என்று குருவம்மா நடையை நிறுத்தாமலே திருப்பிக் கொடுத்தாள்.

நிழல் குளுமையாக இருந்தது. அத்தனை வருசம் வெயிலில் நின்ற உடம்பின் நிழல் இவ்வளவு குளுமையாக இருக்கும் என்று அவன் நினைத்ததில்லை. ஒரு பக்கம் மட்டும், வலது தோளில், சுருக்கென்று ஒரு சூடு பட்டுக்கொண்டே வந்தது. என்னவென்று குனிந்து பார்த்தான். ரோட்டில் விழுந்த அவள் நிழலில், உச்சந்தலை இருக்கிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு நைந்துபோயிருந்தது. பழைய சேலையில் முழங்கால் பட்டுப் பட்டு இழை விடுகிற மாதிரி. அந்த ஓட்டை வழியாக வெயில் நேராக வந்து அவன் தோளில் விழுந்துகொண்டிருந்தது.

“என்ன, குனிஞ்சு குனிஞ்சு பாக்குற?” என்றாள் அவள்.

“ஒண்ணுமில்ல. நட.”

ஓட்டையின் மேல் கையை வைத்து மூடிப் பார்த்தான். வெயில் அவன் புறங்கையில் விழுந்தது, ஓட்டை அப்படியேதான் இருந்தது. அவள் பார்ப்பதற்குள் கையை எடுத்துக்கொண்டு, அந்த வெளிச்சம் ரோட்டில் விழாமல் தன் தோளிலேயே விழும்படி, அவள் நடைக்குத் தன் நடையைச் சரிபண்ணிக்கொண்டு, வீடு வரைக்கும் நடந்தான்.